பெட்டிக்குள் இருக்கும் வெற்றிடம்

இக்கால அடுக்களைகளில் பிளக்குப் பெட்டிகள் அலமாரிகளின் உள்ளேயும் அமைவதுண்டு. அங்கு இடம் சிறிது. ஆதலின், மிகச் சிறிய பெட்டியொன்றைப் பொருத்தி, கம்பிகளை அதனுள் திணித்துவிடுவோரும் உளர். பெட்டிக்குள் வெற்றிடம் எதற்கு என்பது அவர்தம் எண்ணம். உண்மையில் அவ்வெற்றிடமே வீட்டிற்குக் காவல்.

மின்சாரம் பாயும் கம்பி சூடேறும். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். இவ்விதியை ஆங்கில அறிஞர் ஜூல் 1841-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 230 வோல்ட்டில் இயங்கும் 2,000 வாட்டு மின்னடுப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கிறது. நெருக்கித் திணித்த கம்பிகள் மடங்கும். அவற்றின் மேலுறை நசுங்கும். திருகாணிப் பிடி தளரும். பிடி தளர்ந்த இடத்தில் மின்தடை மிகும். தடை மிகுந்தால் வெப்பமும் மிகும். அடைத்த அலமாரியில் அவ்வெப்பம் எளிதில் வெளியேறாது. அருகிலோ எளிதில் தீப்பற்றும் மரப்பலகை!

ஆழம் குறைந்த இடத்திற்கு அகலம் மிகுந்த பெட்டியே ஏற்றது. நீர்க்குழாய்க்கும் அடுப்புக்கும் அது விலகியிருத்தல் வேண்டும். உலோகப் பெட்டியாயின், அதனையும் எர்த்துக் கம்பியோடு இணைத்தல் வேண்டும். இன்றேல், உறை நீங்கிய கம்பி பெட்டியைத் தீண்டும்போது, அதனைத் தொடுவோர் உயிருக்கு இடர் நேரும். பெட்டியை அசையாத பலகையால் மறைத்தலும் தவறு; வேண்டும்போது கை எட்டித் திறக்குமாறு அது அமைய வேண்டும். இப்பணி உரிமம் பெற்ற மின்பணியாளர்க்கே உரியது. அவரும் மெயின் சுவிட்சை நிறுத்திய பின்னரே கம்பியைத் தொடுவார்.

இடத்தில் செய்யும் சிக்கனம் உயிரின் பாதுகாப்பைக் குறைத்துவிடலாகாது. கண்ணுக்குப் புலப்படாத வேலையிலும் செம்மை காப்பதே நல்ல தொழிலாளியின் இலக்கணம்.