பி.பி.டி.யா, டி.பி.எஸ்.ஸா?

தஞ்சாவூர்ப் பக்கம் விதைக்கடைக்குப் போன் போட்டு "பி.பி.டி. இருக்கா?" என்று கேட்டால், "டி.பி.எஸ்.ஸா?" என்று திருப்பிக் கேட்பது சகஜம். முன்னது சம்பாவுக்கான நீண்ட வயது நெல் ரகம். பின்னது அதைவிட வயது குறைந்தது. மாறி வந்தால் சாகுபடிக் கணக்கே கெட்டுப்போகும். ஆனால் கடைக்காரரின் காதில் குறையில்லை. பழைய தொலைபேசி முறை 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். 'எஸ்'ஸின் சீறலில் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. 'பி'யையும் 'டி'யையும் பிரித்துக் காட்டும் ஒலியிலும் ஒரு பங்கு அங்கேதான்.

04362 எனத் தொடங்கும் தஞ்சாவூர் லேண்ட்லைனில் பேசும் குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதுவார்கள். ஆக, நொடிக்கு 64,000 பிட். செல்போன் சிக்கனக்காரன். குரலை 20 மில்லிநொடித் துண்டுகளாக்கி, தொண்டையும் வாயும் எழுப்பிய ஒலியின் குறிப்பை மட்டும் நொடிக்கு 12,200 பிட்டுக்குள் அடக்கிவிடும். இரண்டும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு கேட்வே வேண்டும். அது குறிப்பைப் பிரித்து மறுபடி குரலாக்கி, எதிர்முனைக்கு ஏற்ற வடிவில் திரும்பக் கட்டும். இரு முனையிலும் செல்போனே இருந்தாலும், நடுவழி பழைய தொலைபேசி வலையாக இருந்தால் குரல் இரண்டு முறை சுருங்கும். அரிசியை மறுபடி மறுபடி தீட்டுவதுபோலத்தான். போன தவிடு திரும்பாது.

வழியிலேயே குரலைச் சீர்செய்யவும் பார்க்கிறார்கள். எதிரொலியை நீக்குவது, வழியில் தொலைந்த குரல் துண்டின் (பாக்கெட்டின்) இடத்தை முந்தைய ஒலியால் நிரப்புவது, இரைச்சலைக் குறைப்பது எல்லாம் நடக்கிறது. கடைசியதில் ஒரு வேடிக்கை உண்டு. சீராக நீளும் ஒலியை அது இரைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். திருவையாறு ஆராதனைப் பந்தலிலிருந்து பேசினால் தம்புரா மங்கிப்போகலாம். பம்புசெட்டுக்கும் தம்புராவுக்கும் அதற்குப் பேதம் தெரியாது.

என்னைக் கேட்டால், சீர்செய்வதைவிட மாற்றாமல் விடுவதே மேல். 2016 செப்டம்பரில் வந்த ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. குரலும் 4ஜி வழியே பாக்கெட்டாகவே போகிறது; இதுதான் வோல்ட்இ. இரு முனையும் ஒரே குறிமுறைக்கு ஒத்துக்கொண்டால் நடுவில் பிரித்துக் கட்டத் தேவையில்லை. 50 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரை குரல் போய்ச் சேரும்.

ஆகவே உங்கள் 4ஜி போனின் அமைப்புகளில் வோல்ட்இ அணைந்திருந்தால் இயக்கிவையுங்கள். கடைக்காரரையும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். கடையில் இருப்பது லேண்ட்லைன் என்றால், ரகத்தின் பெயரோடு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பி.பி.டி. 5204.