உஷார்! டிவி முத்திரையோடு வருகிறது பொய்

போன வாரம் கோவை போத்தனூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரத் தம்பி போனை நீட்டினார். "ஏனுங்ண்ணா, பாத்தீங்ளா? நம்மூர்லயே புள்ள புடிக்கற கூட்டம் எறங்கிருச்சாமுங்க. டிவியிலயே போட்டுட்டாங்க."

நியூஸ் கார்டு ஒன்று. எல்லோருக்கும் தெரிந்த சேனலின் முத்திரை, சிவப்புப் பட்டையில் 'பிரேக்கிங்', அதன்கீழ் 'போத்தனூரில் குழந்தை கடத்தும் கும்பல்: பொதுமக்கள் பரபரப்பு'. தேதி எங்கே தம்பி என்றேன். தேடினார், இல்லை. எந்தத் தெரு, எந்தக் காவல் நிலையம், யார் புகார் கொடுத்தது, அதுவும் இல்லை. அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். அப்படி ஒரு செய்தியே போடவில்லை. ஆனால் அவர் ஏற்கெனவே மூன்று குரூப்புக்கு அனுப்பிவிட்டிருந்தார்.

பயந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் காரை நிறுத்தி வழி கேட்டது. அதிலிருந்த மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஊரே திரண்டு அடித்ததில் அவர் இறந்துபோனார். அப்போது நாடு முழுக்கச் சுற்றிய கடத்தல் வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் வந்தவர்கள் குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவதுதான் அதன் முடிவு. அந்த முடிவை வெட்டி எறிந்துவிட்டு மீதியை அனுப்பினார்கள்.

வீடியோவைத் திரித்துப் பரப்பும் இந்த வேலை நம்ம ஊரையும் விடவில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. இரண்டு வீடியோக்கள் பொய்யாகப் பரப்பப்படுகின்றன என்று அன்றைய டிஜிபி சைலேந்திர பாபுவே விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்று பீகார் தொழிலாளர்களே இரு தரப்பாக மோதிக்கொண்டது. மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்த தகராறு. ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்களின் ரயில் நிலையக் கூட்டத்தையும் 'உயிர் தப்பி ஓடுகிறார்கள்' என்று காட்டினார்கள். பீகார் சட்டப்பேரவையில் அமளி. அங்கிருந்து அதிகாரிகள் குழு சென்னைக்கும் திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து நேரில் விசாரித்துப் போனது. பவுண்டரியிலும் பனியன் கம்பெனியிலும் நம்மோடு வேலை செய்கிற பையன்களின் அம்மாக்கள் அந்த நாட்களில் எப்படித் தூங்கியிருப்பார்கள்?

அதனால் சொல்கிறேன், செய்தியின் சொற்களைக் கவனியுங்கள். பழைய படத்தைப் போடும்போது நல்ல பத்திரிகை அடியில் 'கோப்புப் படம்' என்று அச்சிடும். டிவியில் மூலையில் சின்னதாக 'கோப்புக் காட்சி' என்று வரும். அந்த ஓர் ஓரம் வெட்டுப்பட்டால் ஐந்து வருஷத்துக்கு முந்தைய கலவரம் இன்று காலைச் சம்பவமாகிவிடும். 'எனக் கூறப்படுகிறது' என்று எழுதியிருந்தால், அதைப் பத்திரிகை இன்னும் உறுதி செய்யவில்லை என்று பொருள். 'வட்டாரங்கள் தெரிவித்தன' என்றால் பேர் சொல்லி நிற்க ஆள் இல்லை. 'முதற்கட்டத் தகவல்' மாலைக்குள் மாறலாம். நிருபர்கள் இவற்றை யோசித்துத்தான் எழுதுகிறார்கள். ஃபார்வர்டு செய்கிறவர் முதலில் தூக்கி எறிவது இந்தச் சொற்களைத்தான். அவற்றின் இடத்தில் 'பரபரப்பு', 'பகீர்', 'பதற்றம்' வந்து உட்கார்ந்துகொள்ளும். 1998 பிப்ரவரி 14-இன் குண்டுவெடிப்புகளைக் கண்ட கோவையில் 'பதற்றம்' என்ற சொல்லை விளையாட்டாக யாரும் எடுக்கக் கூடாது.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. அம்புக்குறி இல்லை என்று நம்பிவிடவும் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புதிதாக அனுப்பினால் அது மறைந்துவிடும். தமிழக அரசுக்குத் தகவல் சரிபார்ப்பகம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அவர்கள் மறுப்பு போடுவதற்குள் ஒரு தெருவே கம்பை எடுத்துவிட முடியும். சேனலின் சொந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க ஒரு நிமிஷம் போதும். சந்தேகம் தீரவில்லையா, 100-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? அழித்தால் மட்டும் போதாது, பார்த்தவர்கள் பார்த்தவர்கள்தான். அதே குரூப்பில், 'நான் அனுப்பியது பொய்ச் செய்தி, நம்பாதீங்க' என்று இன்றைக்கே எழுதிவிடுங்கள்.