திறவாத குகை

தென் பிரான்சில், ரோன் ஆற்றின் துணையாறாகிய அர்தேஷ், சுண்ணாம்புப் பாறை மேட்டுநிலத்தை அறுத்துக்கொண்டு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பாய்கிறது. இருமருங்கிலும் செங்குத்துப் பாறைச் சுவர்கள். சரிவுகளில் பசுமை மாறாத ஓக் மரக்காடுகள். பள்ளத்தாக்கின் நுழைவாயிலில் 50 மீட்டருக்கும் உயர்ந்த இயற்கைப் பாறைப் பாலம் ஆற்றின்மீது வளைந்து நிற்கிறது. ஆற்றோரக் காட்டுவழியில் நடப்போர் பாறைச் சுவர்களில் குகை வாயில்கள் பலவற்றைக் காண்பர்.

இக்குகைகளை ஆக்கியது நீரே. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவோடு கலந்து வலிமை குன்றிய அமிலமாகிறது. அது பாறை வெடிப்புகளில் இறங்கிச் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. நெடுங்காலத்தில் வெடிப்பு குகையாக விரிகிறது. கரைந்த சுண்ணாம்பு மீண்டும் படிந்து, கூரையில் விழுதுகளாகவும் தரையில் தூண்களாகவும் உருப்பெறுகிறது.

1994 டிசம்பர் 18 அன்று ழான் மாரி ஷோவே, எலியட் புருனல், கிறிஸ்டியான் இலேர் ஆகிய மூவர், இப்பள்ளத்தாக்கின் பாறையிடுக்கு ஒன்றிலிருந்து மெல்லிய காற்று வருவதை உணர்ந்தனர். உள்ளே வெற்றிடம் உண்டு என்பதற்கு அதுவே அறிகுறி. கற்களை அகற்றி இறங்கியவர்களின் விளக்கொளியில் சிங்கங்களும் காண்டாமிருகங்களும் குதிரைகளும் ஓவியங்களாய்த் தோன்றின. அவற்றுள் பழையவை ஏறத்தாழ 36,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. தரையில் குகைக்கரடிகளின் எலும்புகளும் காலடித் தடங்களும் கிடந்தன. பாறைச் சரிவு பழைய வாயிலை அடைத்துவிட்டதால் அனைத்தும் சிதையாமல் எஞ்சியிருந்தன. மறுமுறை சென்றபோது, தடங்கள் அழியாதிருக்க அம்மூவரும் நெகிழி விரிப்புகளை இட்டு அவற்றின்மீதே நடந்தனர்.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. பிரான்சிலுள்ள லாஸ்கோ ஓவியக் குகை 1940ஆம் ஆண்டு கண்டறியப்பட்டு, 1948இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பார்வையாளர்களின் மூச்சிலிருந்து வந்த ஈரமும் கரியமில வாயுவும், விளக்குகளின் ஒளியும் சுவர்களில் பாசி படரச் செய்தன. பதினைந்தே ஆண்டுகளில், 1963இல், அக்குகை மூடப்பட்டது. பல்லாயிரம் ஆண்டுகள் நிலைத்த ஓவியங்களுக்கு, அவற்றை விரும்பி வந்தோரின் மூச்சே கேடாயிற்று.

அப்பட்டறிவால் ஷோவே குகை பொதுமக்களுக்குத் திறக்கப்படவேயில்லை. ஆய்வாளர்கள் மட்டும் வரையறுத்த நாள்களில் நுழைகின்றனர். 2014இல் அது உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2015இல் அருகிலேயே அதன் மாதிரிக் குகை மக்கள் காணத் திறக்கப்பட்டது.

மறைந்ததைத் தேடிக் காண்பது ஆய்வு. கண்டதைக் காக்கும்பொருட்டு வாயிலிலேயே நின்றுவிடுவதும் ஆய்வின் ஒரு பகுதியே.