சுவர் திருப்பித் தரும் வெளிச்சம்

பகல் 11 மணி. வெளியே வெயில் கொளுத்துகிறது. 'டு லெட்' பலகையைப் பார்த்து வந்தவர், உள்ளறையில் கால் வைத்ததும் சுவரைத் தடவி சுவிட்சைத் தேடுகிறார். அங்கேயே வீட்டுக்காரர் கேட்க நினைத்த வாடகை இறங்கிவிடும். சென்னையில் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மதுரையில் மாசி வீதிகள் என்று பழைய தெருக்களில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். நடு அறைக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இன்னொரு ட்யூப்லைட் மாட்டச் சொல்வோம். மாட்டிய பிறகும் அறை என்னவோ மங்கலாகத்தான் இருக்கும். இருட்டுக்கு விளக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. வருகிற வெளிச்சத்தைச் சுவரும் கூரையும் விழுங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த அறையில் விளக்கைக் கூட்டுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

துள்ளும் ஒளியின் கணக்கு

விளக்கிலிருந்து கிளம்பும் ஒளி ஒரு தடவை சுவரில் பட்டதோடு முடிந்துபோவதில்லை. சுவர் அதில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு, மீதியைத் திருப்பி அனுப்பும். அது எதிர்ச்சுவரில் பட்டு மறுபடி திரும்பும். புது வெள்ளைப் பூச்சு, தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் திருப்பித் தரும். பத்து வருஷப் புழுதியும் சமையல் புகையும் படிந்த இளநீல டிஸ்டெம்பர் 40 சதவீதம் தந்தாலே பெரிது. சிவப்புச் சிமென்ட் தரை 20 சதவீதம் தேறும்.

80-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம் வெறும் இரண்டு மடங்கு என்று தோன்றும். ஆனால், ஒவ்வொரு துள்ளலிலும் அது பெருகுகிறது. நூறு பங்கு ஒளி 80 சதவீதச் சுவர்களுக்கு நடுவே 80, 64, 51 என்று நிதானமாகத் தேயும். 40 சதவீதச் சுவர்களுக்கு நடுவே 40, 16, 6 என்று மூன்றே துள்ளலில் காலி. இந்தப் பெருக்கத்தை 1892-லேயே சம்ப்னர் என்ற ஆங்கிலேயர் கணக்காக எழுதிவைத்தார். இன்றும் பல்பு பெட்டியில் அச்சிடும் லுமன் எண்ணை, பெரும்பாலும் உட்புறம் முழுக்க வெள்ளை பூசிய ஒரு கோளத்துக்குள் பல்பை எரியவிட்டுத்தான் அளக்கிறார்கள். அடிப்படை அதே கணக்குதான்.

நம் அறைக்கு அதைப் போட்டுப் பார்ப்போம். 10 அடிக்கு 12 அடி அறை, உயரம் 10 அடி. அழுக்கு நீலச் சுவர், மஞ்சளித்த கூரை, சிவப்புத் தரை ஆகியவற்றின் சராசரி பிரதிபலிப்பு சுமார் 38 சதவீதம். 2,000 லுமன் தரும் எல்.ஈ.டி. ட்யூப்லைட் ஒன்று எரிந்தால், துள்ளல்களையும் சேர்த்து அறைக்குள் சுற்றும் ஒளி சுமார் 3,200 லுமன். தரையைத் தொடாமல், சுவருக்கு வெளிர் நிறமும் கூரைக்கு வெள்ளையும் மட்டும் அடித்தால் சராசரி 67 சதவீதம் ஆகும். அதே ட்யூப்லைட் இப்போது 6,000 லுமன் வேலை செய்யும். விளக்கு நேராக எட்டாத மூலைக்கு இன்னும் லாபம். அங்கே போய்ச் சேர்வது துள்ளி வரும் ஒளி மட்டும்தான். அது மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடும். கட்டில், பீரோ எல்லாம் வந்தால் இந்த எண்கள் குறையும். ஆனாலும் மின்கட்டணம் ஒரு பைசா கூடாமல் கிடைக்கும் வெளிச்சம் இது.

கண் எப்படி அளக்கிறது?

கூடுதல் ட்யூப்லைட் ஏமாற்றுவதற்கு நம் கண்ணும் ஒரு காரணம். அமெரிக்க உளவியலாளர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் 1950-களில் செய்த அளவீடுகளின்படி, ஒரு பரப்பு இரண்டு மடங்கு பளிச்சென்று தோன்ற வேண்டுமானால் ஒளி ஏறத்தாழ எட்டு மடங்கு ஆக வேண்டும். ஒரு விளக்கை இரண்டாக்கினால் மனத்துக்குப் படும் மாற்றம் சொற்பமே.

அதோடு, அறைக்குள் நுழைந்தவர் தரையில் எத்தனை லக்ஸ் விழுகிறது என்று பார்ப்பதில்லை. எதிரே நிற்கும் சுவரையும் அதற்கு மேலே கூரையையும் பார்க்கிறார். அவை பளிச்சென்று இருந்தால் அறை வெளிச்சமாக இருக்கிறது என்பார். பொய்க்கூரையில் வரிசையாகப் பதிக்கும் சின்னச் சின்ன விளக்குகள் தரையில் மட்டும் வட்டம் வட்டமாக ஒளி பாய்ச்சிவிட்டு, கூரையையும் சுவரின் மேற்பாதியையும் இருட்டில் விட்டுவிடும். இருண்ட பழைய அறைக்கு அந்தச் செலவு வீண்.

ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் கறுத்திருந்தாலும் இதே சிக்கல்தான். கண், பிரகாசமான ஜன்னலுக்கு ஏற்பத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும். மற்ற இடமெல்லாம் இருப்பதைவிட இருட்டாகத் தெரியும். ஜன்னல் பதிந்திருக்கும் சுவரின் கனத்துக்கு, அதாவது அந்த முக்கால் அடி, ஒரு அடி உள்பக்கங்களுக்கு வெள்ளை அடித்தாலே இந்த உறுத்தல் குறையும்.

எந்த வெள்ளை?

இருப்பதில் மலிவு சுண்ணாம்பு. அடித்தவர்களுக்குத் தெரியும், அடிக்கும்போது அது தண்ணீர் மாதிரி ஓடும். பழைய கறையெல்லாம் அப்படியே தெரியும். மறுநாள் காலையில் பார்த்தால் சுவர் வெளுத்திருக்கும். இரண்டு காரணங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் துகள்களாக இறுகுகிறது. துகள்களுக்கு இடையே இருந்த நீர் போய் அங்கே காற்று புகுகிறது. ஒளி சிதறுவது இரண்டு பொருள்களின் ஒளிவிலகல் எண்கள் வேறுபடும் எல்லையில்தான். கார்பனேட்டின் எண் ஏறத்தாழ 1.6, நீரின் எண் 1.33, காற்றின் எண் 1. நீர் போய்க் காற்று வந்ததும் வேறுபாடு கூடுகிறது, ஒளி நன்றாகச் சிதறித் திரும்புகிறது.

ஓதம் ஏறிய சுவர் கறுப்பாகத் தெரிவதும் இதனால்தான். காரையின் நுண்துளைகளில் காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துவிட்டது. உள்ளே போன ஒளி குறைவாகவே வெளியே வருகிறது. எனவே ஒழுகும் குழாயையும் மாடியிலிருந்து இறங்கும் கசிவையும் முதலில் நிறுத்துங்கள். ஈரச் சுவரில் எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் உப்புப் பூத்து உரிந்துவிடும்.

எமல்ஷன் பெயின்ட்டில் துகள்களுக்கு இடையே காற்று இல்லை, பசைப் பொருள் இருக்கிறது. அதன் எண் ஏறத்தாழ 1.5. அதற்குள் கார்பனேட் தூள் ஏறக்குறைய மறைந்தே போகும். அதனால்தான் 2.7 வரை எண் கொண்ட டைட்டானியம் டை ஆக்சைடைச் சேர்க்கிறார்கள். பெயின்ட் விலையை ஏற்றுவதில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு.

சிக்கனமாகச் செய்ய ஒரு வழி உண்டு. கூரையை யாரும் தொடப் போவதில்லை; அதற்குச் சுண்ணாம்போ சாதாரண டிஸ்டெம்பரோ போதும். தோளும் கையும் உரசும் சுவருக்கு மட்டும் எமல்ஷன் வாங்கலாம். ஏற்கெனவே ஆயில் பெயின்ட் அல்லது எமல்ஷன் அடித்த இடத்தில் சுண்ணாம்பு பிடிக்காது, சுரண்டித்தான் ஆக வேண்டும். பளபளப்புப் பூச்சு வேண்டாம். அதனால் திரும்பும் ஒளி பெரிதாக அதிகரிக்காது. பழைய சுவரின் மேடு பள்ளத்தைத்தான் அது காட்டிக்கொடுக்கும். தேக்குக் கட்டைகளில் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையாக இருந்தால், கட்டைகளை விட்டுவிட்டு இடைப்பட்ட பரப்புக்கு வெள்ளை அடித்தால் போதும். பழைய அழகும் நிற்கும்.

சுண்ணாம்பில் நீலம் கலக்கும் பழக்கத்துக்கும் அறிவியல் உண்டு. நீலம் மஞ்சள் ஒளியைக் கொஞ்சம் விழுங்குவதால், சுவரின் பழுப்புச் சாயல் மறைந்து கண்ணுக்கு 'பளீர்' வெள்ளையாகத் தெரிகிறது. திரும்பும் மொத்த ஒளி உண்மையில் சற்றுக் குறைகிறது. சிட்டிகை அளவு போட்டால் கண்ணுக்கு லாபம். அள்ளிப் போட்டால் அறைக்கு நஷ்டம்.

ஜன்னலுக்கு வெளியே

மேகமூட்டமான பகலிலும் வெளியே ஏறத்தாழ 10,000 லக்ஸ் ஒளி இருக்கும். வானமே தெரியாத உள்ளறையின் நடுவில் அதில் நூற்றில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் தேறாது. அந்த அறைக்கு எதிர்ச்சுவர்தான் வானம். சந்து ஓரத்துக் காம்பவுண்டு சுவர் உங்களுடையதாக இருந்தால், முதல் டப்பா வெள்ளையை அங்கே செலவழியுங்கள். கீழ் ஜன்னலின் சன்ஷேடு மேற்பரப்பைக் கழுவி வெள்ளை அடித்தால், மேல் மாடி அறைக்கு ஒளி கீழிருந்து துள்ளிக் கூரையில் படும்.

ஜன்னலின் மேற்பகுதியும் வென்டிலேட்டரும்தான் ஒளியை அறையின் ஆழத்துக்கு அனுப்புகின்றன. அவற்றை மறைக்கும் பரண் சாமானையும் திரைச்சீலையையும் அகற்றுங்கள். தூசி அடைத்த கொசுவலை, வரும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நிறுத்திவிடும். ஒரு வாளி சோப்புத் தண்ணீரில் தீரும் வேலை.

அறைக்குள், எதிர்ச்சுவரில் பெரிய கண்ணாடி மாட்டினால் வெளிச்சம் பெருகும் என்பார்கள். கண்ணாடியும் நல்ல வெள்ளைச் சுவரும் திருப்பும் ஒளியின் அளவு ஏறத்தாழ ஒன்றே. ஜன்னலைப் பார்க்கும்படி மாட்டினால் அறை விரிந்ததுபோலத் தோன்றும்; அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

விளக்கு வாங்கும் முறை இதற்கெல்லாம் பிறகுதான். வாட்டைப் பார்க்காமல் லுமனைப் பார்த்து வாங்குங்கள். ஒரே மூலையில் பெரிய விளக்கு ஒன்றுக்குப் பதில், எதிரெதிர்ச் சுவர்களில் கூரைக்கு ஒரு அடி கீழே இரண்டு சிறிய ட்யூப்லைட் மாட்டினால் கூரையும் சுவரும் சேர்ந்து ஒளிரும். 6,500 கெல்வின் என்று குறித்த நீலச் சாயல் வெள்ளை, கிரீம் நிறச் சுவரைச் சாம்பல் பூத்ததாகக் காட்டும். 4,000 கெல்வின் பொருத்தம். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண், பெட்டியில் 80-க்குக் குறையாமல் இருக்கட்டும்.

வேலைக்கு முன்பும் பின்பும், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே செல்போனில் லக்ஸ் அளக்கும் செயலியை ஓட்டிப் பாருங்கள். எண் துல்லியமாக இராது. ஆனால், மாற்றம் தெரிந்துவிடும்.

செலவு யாருடையது என்று சிலர் இழுப்பார்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு, ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதையும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. எப்படியும் செய்ய வேண்டிய வேலை. பலகை மாட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.