பழைய சுழலியா, புதிய சுழலியா?

மாணவர்களே, இசைத்தட்டுச் சுழலியைத் தேர்ந்தெடுக்குமுன் தட்டைப் பாருங்கள். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டின் பள்ளம் அகன்றது. கொலம்பியா நிறுவனம் 1948இல் வெளியிட்ட நெடுநேர வினைல் தட்டின் பள்ளமோ மிகக் குறுகியது. முன்னதற்குரிய முள்முனை பின்னதற்குரியதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பருமன். இரவலாகப் பெற்ற வினைல் தட்டொன்றைச் சிறுவயதில் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனில் வைத்தேன். எஃகு முள் அதனை ஒரே ஓட்டத்தில் உழுதுவிட்டது. திருப்பிக் கொடுக்கவும் முகமில்லை.

இக்காலச் சுழலியின் முள் இரண்டு கிராம் அளவே அழுத்தும். ஆயினும் பலவற்றில் 33, 45 ஆகிய வேகங்களே உண்டு. 1960களின் மின்சுழலிகள் பலவற்றில் 78உம் உண்டு. சிறு நெம்பைத் திருப்பினால் அதற்குரிய முள்ளும் வரும். அவற்றின் இரப்பர்ச் சக்கரம் தேய்ந்திருப்பின் சுருதி பிசகும். பாட்டனார் வைத்துச்சென்ற 78 தட்டுகள் வீட்டிலிருந்தால் அந்தச் சக்கரத்தை மாற்றியபின் வாங்குங்கள். வினைல் மட்டுமெனில் புதியதே நன்று.