அப்பாவின் அம்பாசடர் அடிபட்டால்

தாத்தா வாங்கிய அம்பாசடர், அப்பா ஓட்டிய பிரீமியர் பத்மினி, சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டு வாசல்களில் இவை இன்னும் தார்ப்பாய் போர்த்தி நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை துடைத்து, ஸ்டார்ட் செய்து, தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு மறுபடியும் மூடி வைப்பார்கள். அப்படிப்பட்ட வண்டியின் மட்கார்டு ஒரு நாள் கேட்டில் உரசி நசுங்கினால், அந்த வீட்டில் பல நாளைக்கு யாரும் நிம்மதியாகச் சாப்பிட மாட்டார்கள். “எங்கப்பா ஞாபகமா இருந்தது இது ஒண்ணுதான்” என்பார் ஒருவர். “அப்போ இந்த வீட்ல நான் யாரு?” என்பார் மற்றவர்.

இந்தச் சண்டையை அற்பம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. பத்மினியின் கதை அதற்கும் பல ஆண்டுகள் முன்பே முடிந்தது. ஸ்டாண்டர்டு ஆலை 1980களின் கடைசியிலேயே மூடப்பட்டது. நசுங்கிய பானெட்டுக்குப் பதில் புதிது கேட்டுப் போய் நிற்க ஷோரூம் கிடையாது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கடை கடையாக அலைய வேண்டும். கிடைத்தாலும் பொருத்தமாக இருக்குமா என்பது தெரியாது. ஆகவே கோபமும் வருத்தமும் நியாயமானவை. ஆனால், அந்தக் கோபத்தில் செய்யும் சில காரியங்கள் நஷ்டத்தை இரட்டிப்பாக்குகின்றன. சில வீடுகளில் அது குற்றமாகவே முடிகிறது. தெரியாமல் அடிபட்ட காரையும், வேண்டுமென்றே உடைக்கப்பட்ட காரையும், காரைச் சாக்காக வைத்து அடிக்கப்பட்ட மனிதரையும் சட்டம் வெவ்வேறாகப் பார்க்கிறது. நாமும் அப்படிப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

முதலில் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய அம்பாசடரிலும் பத்மினியிலும் பவர் ஸ்டீயரிங் இல்லை. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மிதித்தவுடன் நிற்கும் இன்றைய கார்களில் பழகிய காலுக்கு இந்தப் பிரேக்கின் கணக்கு பிடிபடாது. பல மாடல்களில் கியர் லிவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும். முதல் கியர் என்று நினைத்து ரிவர்ஸ் போட்டுவிட்டுப் பின்னால் சுவரில் மோதுவது அக்கறையின்மை அல்ல, பழக்கமின்மை. பழக்காமல் சாவியைக் கொடுத்தவருக்கும் அதில் பங்கு உண்டு. ‘கவனமாக ஓட்டு’ என்று சொல்லிச் சாவியை நீட்டுவதற்குப் பதில், காலி மைதானத்தில் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிக் கொடுத்திருந்தால் பல மட்கார்டுகள் தப்பித்திருக்கும்.

கார் யாருடையது?

கல்யாணம் ஆகிவிட்டால் புருஷன் சொத்து பெண்டாட்டிக்கும், பெண்டாட்டி சொத்து புருஷனுக்கும் பொது என்று பலர் நம்புகிறார்கள். கோவாவின் குடிமைச் சட்டத்தைத் தவிர, இந்தியாவில் திருமணம் என்ற ஒரே காரணத்தால் சொத்து பொதுவாகிவிடுவதில்லை. கணவர் பணத்தில் கணவர் பெயரில் வாங்கிய கார் கணவருடையது. மனைவி சம்பாதித்து வாங்கியது மனைவியுடையது.

திருமணத்தின்போது பெண்ணுக்கென்று அவள் வீட்டார் கொடுத்த கார் அவளுடைய சீதனம். அதை வருடக்கணக்கில் கணவரே ஓட்டினாலும், அவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பொருளாகவே அது கருதப்படும். சீதனம் பெண்ணின் தனிச்சொத்து, திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடியாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1985ஆம் ஆண்டின் பிரதிபா ராணி வழக்கிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. இருவருக்கும் சேர்த்துக் கொடுத்த பரிசாக இருந்தால், இந்துத் திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு விவாகரத்து வழக்கின்போது அதைப் பற்றி உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

பாரம்பரியக் கார்களில் பெரிய சிக்கல் வேறொன்று. ஆர்.சி. புக் இன்னும் இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே இருக்கும். மகன் ‘என் கார்’ என்று சொல்லி மனைவியோடு சண்டை போடுவார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாவிட்டால், அந்தக் காரில் அம்மாவுக்கும் அக்கா தங்கைகளுக்கும் சம பங்கு உண்டு. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தில் இதை யாரும் நினைப்பதில்லை. பிறகு வருடங்கள் ஓடிவிடும். அந்தக் காருக்கு அடிபட்டு இன்சூரன்ஸ் கேட்கும் அன்றுதான் தெரியும், பாலிசியும் பதிவும் உயிரோடு இல்லாத ஒருவர் பெயரில் இருப்பது.

பணம் எங்கிருந்து வரும்?

கணவன் மனைவிக்குள் ‘நீ தான் செலவைத் தரணும்’ என்று மல்லுக்கு நிற்கும் முன் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். பெரும்பாலான பழைய கார்களுக்குச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டுமே இருக்கும். அது எதிரே வந்தவருக்கு ஏற்பட்ட பாதிப்புக்குத்தான். உங்கள் மட்கார்டுக்கு ஒரு பைசா வராது. அதுவும் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துப் பாலிசி எடுத்திருந்தால் நல்ல செய்தி உண்டு. உரிமையாளர்தான் ஓட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய அனுமதியோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டியிருந்தாலும் இழப்பீடு கிடைக்கும். வாழ்க்கைத் துணை ஓட்டியதற்காக மறுக்க முடியாது. ஓட்டியவர் குடித்திருந்தாலோ லைசென்ஸ் இல்லாதிருந்தாலோ கிடைக்காது. லைசென்ஸ் இல்லாதவரிடம் சாவியைக் கொடுப்பது உரிமையாளரையும் தண்டனைக்கு உள்ளாக்கும் தனிக் குற்றம். மனைவி ஓட்டியதை மறைத்து ‘நான்தான் ஓட்டினேன்’ என்று கணவர் எழுதிக் கொடுப்பது சில வீடுகளில் பாசத்தால் நடக்கிறது. வேண்டாம். பொய் வெளிப்பட்டால், கிடைக்க வேண்டிய பணமும் போய்விடும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதில்தான் ஏமாற்றம். பத்து ஆண்டைத் தாண்டிய காரில் மாற்றும் உலோகப் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி, டயருக்கும் 50 சதவீதம். கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று கணக்கு முடித்துவிடுவார்கள். உங்கள் அம்பாசடருக்குப் பாலிசியில் 40,000 ரூபாய்தான் மதிப்பு போட்டிருந்தால், 30,000 ரூபாய் டிங்கரிங், பெயின்டிங் செலவே அந்த எல்லைக்குக் கொண்டு போய்விடும். இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. ஐந்து ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு மதிப்பை இன்சூரன்ஸ் நிறுவனமும் உரிமையாளரும் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். ஏஜென்ட் எழுதிய தொகையை அப்படியே ஏற்காமல், நல்ல மதிப்பீட்டாளரின் அறிக்கை, வண்டியின் படங்கள், இதுவரை செய்த வேலைகளின் ரசீதுகள் எல்லாவற்றையும் கொடுத்து உண்மையான மதிப்பைப் போடச் சொல்லுங்கள். பிரீமியம் கூடும். அதற்குத் தகுந்த பலன் உண்டு.

இன்னொரு கண்ணி ஆர்.சி.யின் ஆயுள். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். காலாவதியான ஆர்.சி.யோடு தெருவில் ஓட்டி அடிபட்டால், பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் நிறுவனம் கைவிரிக்க இடம் இருக்கிறது. தற்காலிகப் பதிவு முடிந்த பின் ஓட்டிய காரின் உரிமையாளருக்கு எதிராக 2021இல் சுஷீல் குமார் கோதாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செல்லுபடியாகும் பதிவு இல்லாமல் வண்டியை ஓட்டுவது காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படை நிபந்தனையை மீறுவது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஐம்பது ஆண்டைத் தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கும் கார்களுக்கு 2021 முதல் ‘வின்டேஜ்’ பதிவு என்று ஒன்று இருக்கிறது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த காரைத் தினசரி வேலைக்கு எடுத்துப் போகக் கூடாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற தேவைகளுக்குத்தான். ‘காய்கறி வாங்க எடுத்துப் போனேன், இடிச்சிட்டாங்க’ என்றால் சண்டை வீட்டுக்குள் மட்டும் நிற்காது.

அடிபட்டவுடன் செய்ய வேண்டியது இதுதான்: நாலா பக்கமும் படம் எடுங்கள், அன்றே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள், சர்வேயர் பார்க்கும்வரை பட்டறைக்காரரைக் கை வைக்க விடாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடவும் வேண்டாம். நிறுவனம் நியாயமின்றி மறுத்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

பட்டறையில் விட்ட கார் அங்கே கெட்டுப்போனால் அது தம்பதியின் சண்டையே இல்லை. ‘நீ சொன்ன மெக்கானிக்தானே’ என்று ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பொறுப்பேற்க வேண்டியவர் தப்பித்துவிடுகிறார். ஒப்படைத்த பொருளைத் தன் பொருள்போலப் பார்த்துக்கொள்வது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி பட்டறைக்காரரின் கடமை. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணில் வழி கேட்கலாம். அதே நேரம், செய்த வேலைக்குக் கூலி தராவிட்டால் வண்டியைத் தராமல் வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கும் உண்டு.

வேண்டுமென்றே உடைத்தால்

கை தவறி இடிப்பது குற்றம் அல்ல. கவனக்குறைவுக்காகக் கணவன் மனைவி மேலோ, மனைவி கணவன் மேலோ நஷ்டஈட்டு வழக்குப் போடச் சட்டத்தில் தடை இல்லைதான். போடாதீர்கள் என்றே சொல்வேன். நீதிமன்றம் பழுதுச் செலவையும் சந்தை மதிப்பையும்தான் கணக்கிடும். அப்பாவின் கை பட்ட ஸ்டீயரிங்குக்கு விலை போட அதனிடம் அளவுகோல் இல்லை. வக்கீல் செலவு மட்கார்டு செலவைத் தாண்டிவிடும்.

ஆத்திரத்தில் கண்ணாடியை உடைப்பதும், பெயின்டில் சாவியால் கோடு இழுப்பதும், பெட்ரோல் டேங்கில் சர்க்கரை போடுவதும் வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவின்படி அது சேதம் விளைவிக்கும் குற்றம். நஷ்டம் ஒரு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ஐந்து ஆண்டு வரை சிறை. ‘என் புருஷன் கார்தானே’, ‘எங்க ரெண்டு பேர் கார்தானே’ என்ற வாதம் எடுபடாது. கூட்டாகச் சொந்தமான பொருளை உடைத்தாலும் குற்றம் குற்றமே என்று அந்தப் பிரிவே சொல்கிறது. இது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்று. கணவருக்குப் பிரியமான காரை மனைவி பழிவாங்க உடைத்தாலும் கணவர் புகார் கொடுக்கலாம், மூன்று ஆண்டுக்குள் நஷ்டஈடு கேட்டு வழக்கும் தொடுக்கலாம்.

மனைவியின் காரைக் கணவர் உடைக்கிறார், அவளுக்குத் தெரியாமல் விற்கிறார், அவள் வேலைக்குப் போகக்கூடாது என்று சாவியை ஒளித்து வைக்கிறார் என்றால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உதவிக்கு வருகிறது. பொருளாதாரக் கொடுமையையும் வன்முறை என்றே அந்தச் சட்டம் சொல்கிறது. உடைத்த பொருளுக்கான இழப்பை 20ஆம் பிரிவில் கேட்டுப் பெறலாம். விற்கக் கூடாது என்று தடை உத்தரவும் வாங்கலாம். திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண்ணுக்கும் இது பொருந்தும். மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். விசாரணையை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம்.

பேசித் தீர்க்கக்கூடிய சண்டை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சமரச மையத்துக்குப் போகலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே வக்கீல் உதவி இலவசம். தேசிய உதவி எண் 15100. யார் ஓட்டலாம், பழுதுச் செலவை எப்படிப் பகிர்வது, காரை விற்பதென்றால் யார் சம்மதம் வேண்டும் என்பதை அங்கே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்ட தம்பதியர் மறுபடி அதே விஷயத்துக்கு மோதிக்கொள்ள வேண்டியதில்லை.

காரை இடித்ததற்காகக் கணவர் கையோங்கினால் மட்டும் சமரசம் பேச உட்காராதீர்கள். ஒரே ஓர் அறையும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 115ஆம் பிரிவில் குற்றம்தான். எவ்வளவு அரிய கார் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. பக்கத்து வீட்டில் கார் அடிபட்ட அன்று அழுகைச் சத்தம் கேட்டால், ‘அது புருஷன் பெண்டாட்டி சண்டை’ என்று ஜன்னலைச் சாத்தாமல் 181க்குக் கூப்பிடுங்கள். பெண்களுக்கான அந்த உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, பாதிக்கப்பட்டவருக்காக யார் வேண்டுமானாலும் அழைக்கலாம்.