பத்து வயசுல பிளாக் பெல்ட்: அப்புறம் என்ன?

சித்தூர், திருப்பதி பக்கம் உங்க அக்கா பையன் பத்து வயசுல கராத்தே பிளாக் பெல்ட் வாங்கிட்டானா? வாழ்த்துகள்! முதல்ல சான்றிதழைப் பாருங்க. பல அமைப்புகள் சிறுவர்களுக்கு 'ஜூனியர்' பெல்ட்தான் தரும். வயது வந்த பிறகு மறுபடி தேர்வு உண்டு.

முழு பெல்ட்டே ஆனாலும், அதன் முதல் படிக்கு ஜப்பானியப் பெயர் 'ஷோதான்', அதாவது தொடக்க நிலை. 1924-ல் கராத்தேவில் இதை வழங்கத் தொடங்கியவர் கிச்சின் ஃபுனகோஷி. முறை ஜூடோவிலிருந்து வந்தது.

ஷோட்டோகான் வகுப்புகளில் சொல்லும் ஐந்து உறுதிமொழிகளில் உதை, பதக்கம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குணம், நேர்மை, முயற்சி, மரியாதை, ஆவேசத்தை அடக்குவது, அவ்வளவுதான். ஐந்துமே 'ஒன்று' என்றே தொடங்கும். எதுவும் இரண்டாம் இடம் இல்லையாம்.

அதனால மாஸ்டர்கிட்ட 'அடுத்த டோர்னமென்ட் எப்போ?'ன்னு மட்டும் கேக்காதீங்க. புதுசா வந்த வெள்ளை பெல்ட் குழந்தை தப்பு பண்ணா, இவன் சிரிக்கிறானா, சொல்லித் தர்றானான்னும் கேளுங்க.